மதீனாவில் நின்ற இருப்புப்பாதை

தியாகதுருகத்திற்கு இருப்புப்பாதை கிடையாது. உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து சேலம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், மலைமேல் ஒரு பழங்கோட்டையும் அதன் அடியில் ஒரு கடைவீதியுமாக அமைந்த ஊர் அது. தென்னகத்தில் முதல் புகைவண்டி 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. அதன் பின்னர் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்தும், இவ்வூரார் இரயிலேற வேண்டுமாயின் சின்னசேலத்திற்கோ உளுந்தூர்ப்பேட்டைக்கோ விழுப்புரத்திற்கோ பேருந்தில்தான் செல்ல வேண்டும். அத்தகைய ஊரிலிருந்து உம்ராவுக்குச் சென்ற சிறு குழுவொன்றில் ஒருவனாக நானும் இருந்தேன். மக்காவிலிருந்து மதீனாவுக்கு மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் இரயிலில் அமர்ந்திருந்தபொழுது எழுந்த ஒரு வினாவே இக்கட்டுரைக்குக் காரணம்.

வினா எளியது. டமாஸ்கஸிலிருந்து புறப்பட்ட ஹிஜாஸ் இருப்புப்பாதை 1908ஆம் ஆண்டிலேயே மதீனாவை எட்டிவிட்டது. அங்கிருந்து மக்காவுக்குப் பாதை போடுவதே அதன் நோக்கமாயிருந்தது. ஆயினும் அந்த எஞ்சிய தொலைவில் இரயில் ஓடியது 2018ஆம் ஆண்டில்தான். இடைப்பட்ட 110 ஆண்டுகள் ஏன் தேவைப்பட்டன?

இவ்வினாவுக்கு நம்மிடையே வழங்கும் விடை ஒன்றுண்டு. ஆங்கிலேயரும் அவர்தம் ஒற்றரான லாரன்சும் பாதையைத் தகர்த்தனர், அதனால் நின்றது என்பர். அது முழு உண்மையன்று. லாரன்ஸ் ஹிஜாஸுக்கு வந்தது 1916இல். பாதை மதீனாவில் நின்றதோ அதற்கு எட்டாண்டுகளுக்கு முன்னர்.

இரயிலுக்கு முந்திய பயணத்தை முதலில் நினைவிற்கொள்வோம். நம் நாட்டு ஹாஜிகள் பம்பாயில் கப்பலேறி ஜித்தாவில் இறங்குவர். யலம்லமுக்கு நேராகக் கப்பல் வரும்பொழுது அறிவிப்புச் செய்யப்படும்; அங்கேயே இஹ்ராம் அணிவர். ஜித்தாவிலிருந்து மக்காவுக்கு ஒட்டகத்தில் இரண்டு இரவுப் பயணம். மக்காவிலிருந்து மதீனாவுக்குப் பத்து முதல் பன்னிரண்டு நாள்கள். ஒட்டகத்தின் முதுகில் 'ஷுக்துஃப்' எனப்படும் இரட்டைக் கட்டில் போன்ற அமைப்பைக் கட்டுவர். பக்கத்திற்கு ஒருவராக இருவர் அதில் அமர்வர். இருவரின் எடையும் சமமாயிருத்தல் வேண்டும். இல்லையேல் குறைந்த பக்கத்தில் மூட்டையை ஏற்றிச் சமன் செய்வர். ஒருவர் இறங்கினால் மற்றவரும் இறங்கியாக வேண்டும். கணவனும் மனைவியும் பன்னிரண்டு நாள்கள் இவ்வாறு ஒருவருக்கொருவர் எடைக்கல்லாக அமர்ந்து சென்றதை எண்ணுகையில் புன்னகையும் இரக்கமும் ஒருங்கே தோன்றுகின்றன.

சுல்தானி வழி எனப்பட்ட பெருவழி உஸ்ஃபான், குலைஸ், ராபிக் ஆகிய ஊர்களைத் தொட்டுப் பத்ரு வழியாக மதீனா சென்றது. வழியில் தண்ணீருக்கும் விலையுண்டு, பாதுகாப்புக்கும் விலையுண்டு. ஒட்டக வாடகை ஹிஜாஸின் பெருவணிகம். ஒட்டகம் தருவோர் ஹர்பு முதலிய பதவிக் குலத்தார். வாடகையில் ஒரு பங்கு மக்காவின் ஷரீஃபுக்கும் துருக்கி ஆளுநருக்கும் சென்றது. குலத்தார்க்கு உதுமானிய அரசு ஆண்டுதோறும் பொன்னும் தானியமும் வழங்கிவந்தது. அது தவறிய ஆண்டுகளில் கொள்ளை நிகழ்ந்தது. இதை வெறும் கள்வர் செயலென்று ஒதுக்குவது எளிது. ஆனால் மழையற்ற அந்நிலத்தில், ஆண்டுக்கொருமுறை வரும் ஹாஜிகளன்றி அவர்களுக்கு வேறு விளைச்சல் இல்லை என்பதையும் மறத்தலாகாது.

இந்நிலையில்தான் 1900ஆம் ஆண்டு மே மாதத்தில் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது தம் ஆணையை வெளியிட்டார். அயல்நாட்டுக் கடன் ஒரு காசும் பெறாது, முஸ்லிம்களின் பொருளாலேயே பாதை அமைக்கப்பெறும் என்பது அதன் சிறப்பு. சுல்தானே கொடையைத் தொடங்கிவைத்தார். அரசு ஊழியரின் ஊதியத்தில் ஒரு பகுதி பிடிக்கப்பட்டது. தனி வரிவில்லைகள் அச்சிடப்பட்டன. குர்பானித் தோல்களின் வருவாயும் இதற்கென ஒதுக்கப்பட்டது. மொத்தச் செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நன்கொடையாகவே வந்ததென்பர். இந்தியாவிலும் வசூல் நடந்தது. லாகூரில் இதழாசிரியராயிருந்த முஹம்மது இன்ஷாஅல்லாஹ் தம் இதழின் வழியே இப்பணிக்காக இடையறாது எழுதினார். ஹைதராபாத்தில் முல்லா அப்துல் கய்யூம் பெருமுயற்சி எடுத்துக்கொண்டார். டமாஸ்கஸைச் சேர்ந்த முஹம்மது ஆரிஃப் என்னும் அறிஞர், இரயிலால் ஹாஜிகளுக்கு விளையும் நன்மைகளை விரித்து அதே 1900ஆம் ஆண்டில் ஒரு நூலே எழுதினார்.

சுல்தானின் நோக்கம் ஹாஜிகளின் நலம் மட்டுமன்று. தொலைவிலிருந்த ஹிஜாஸுக்கும் யமனுக்கும் சூயஸ் கால்வாயை நம்பாமல் படை அனுப்ப அவருக்கு ஒரு வழி தேவைப்பட்டது. கிலாஃபத்தின் செல்வாக்கை உலக முஸ்லிம்களிடையே நிலைநாட்டுவதும் அவர் கருத்து. இவற்றைக் குறிப்பிடுவதால் கொடை தந்த ஏழைகளின் எண்ணம் சிறுமையுறுவதில்லை. கொடுத்தவர் கருத்து ஒன்று, கொண்டவர் கருத்து மற்றொன்று. பொதுநிதி வரலாற்றில் இது அடிக்கடி காணும் காட்சியே.

பணியின் தலைமைப் பொறியாளர் ஜெர்மானியரான மெய்ஸ்னர். பின்னர் பாஷாப் பட்டமும் பெற்றார். தண்டவாள அகலம் 1.05 மீட்டர். கூலியாட்களைவிடப் படைவீரர்களே பெரும்பாலும் உழைத்தனர். வெயிலும் தண்ணீரின்மையும் காலராவும் அவர்களில் பலரை மாய்த்தன. 1904இல் பாதை மஆனை எட்டியது. 1906இல் தபூக்கை அடைந்தது. அல்உலாவுக்கு அப்பால் முஸ்லிம் அல்லாத பொறியாளர்கள் செல்லவில்லை. எஞ்சிய பகுதியை முக்தார் பே தலைமையில் முஸ்லிம் பொறியாளர்களே கட்டி முடித்தனர். சுல்தான் அரியணையேறிய ஆண்டுவிழாவையொட்டி, 1908 செப்டம்பர் முதல் நாள் மதீனா நிலையம் திறக்கப்பட்டது. டமாஸ்கஸிலிருந்து ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர். ஒட்டகக் கூட்டம் நாற்பது நாள்களில் கடந்த வழியை இரயில் மூன்று நாள்களில் கடந்தது.

அங்கேயே நின்றும்விட்டது. பாதை மதீனாவை நெருங்கிய 1908ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே ஹர்புக் குலத்தார் கிளர்ந்தெழுந்தனர். மதீனா வரையில் இரயில் வந்தால் டமாஸ்கஸ் ஒட்டக வழி மட்டுமே நட்டப்படும். மக்காவுக்கும் ஜித்தாவுக்கும் நீண்டுவிட்டால் தங்கள் வாழ்வே முடிந்துவிடும் என்பதை அவர்கள் சரியாகவே கணித்தனர். ஷரீஃபும் விரும்பவில்லை. ஒட்டக வருவாய் போவது ஒரு காரணம். இஸ்தான்புல்லின் படை மூன்றே நாள்களில் தம் வாயிலுக்கு வந்துவிடும் என்பது அதனினும் பெரிய காரணம். அதே ஆண்டு ஜூலையில் இளந்துருக்கியர் புரட்சி நிகழ்ந்தது. அடுத்த ஆண்டில் அப்துல் ஹமீது பதவியிழந்தார். 1914இல் ஹிஜாஸ் ஆளுநராய் வந்த வஹீப் பே பாதையை மக்காவுக்கு நீட்டியே தீருவதென முனைந்தார். ஷரீஃப் ஹுசைன் அதை எதிர்த்து நின்றார். இரண்டாண்டுகள் கழித்து அவரே அரபுக் கிளர்ச்சியைத் தொடங்கினார். ஆக, பாதையை மதீனாவில் நிறுத்தியவை வெடிமருந்துக்கு முன்னரே அங்கிருந்த இருவகை அச்சங்கள். ஒன்று குலத்தாரின் பிழைப்பு பற்றியது. மற்றொன்று ஷரீஃபின் ஆட்சி பற்றியது. முதலாவது எனக்கு நியாயமாகவே படுகிறது. பாதைக்குப் பொருள் திரட்டியோர், அப்பாதையால் பிழைப்பிழப்போர்க்கு மாற்று என்ன என்று எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அடுத்து நிகழ்ந்தது நெஞ்சை வருத்துவது. போர்க்காலத்தில் மதீனாவின் காவலராயிருந்த ஃபக்ரீ பாஷா, முற்றுகைக்கு உணவு போதாதென்று நகர மக்களைப் பெருமளவில் வெளியேற்றினார். ஹாஜிகளை மதீனாவுக்குக் கொண்டுவரக் கட்டிய இரயில், மதீனாவின் குடிகளை டமாஸ்கஸுக்கு ஏற்றிச் சென்றது. 'ஸஃபர் பர்லிக்' என்னும் பெயரால் அந்நிகழ்ச்சி மதீனாவாசிகளின் வாய்மொழியில் இன்றும் வாழ்கிறது. ரவ்ளா ஷரீஃபில் தலைமுறை தலைமுறையாய்ச் சேர்ந்திருந்த காணிக்கைப் பொருள்களும் 1917இல் அதே பாதையில் இஸ்தான்புல் சென்றன. மதீனாவை ஃபக்ரீ பாஷா 1919 ஜனவரி வரையில் விட்டுக்கொடுக்கவில்லை. அதன் பின்னர் மஆனுக்குத் தெற்கே ஒழுங்கான ஓட்டம் இல்லாமற்போயிற்று.

போருக்குப் பின் பாதை துண்டுபட்டது. சிரியப் பகுதி பிரெஞ்சுக்காரரிடமும், பாலஸ்தீன, ஜோர்தான் பகுதிகள் ஆங்கிலேயரிடமும் சென்றன. முஸ்லிம்களின் கொடையால் எழுந்ததாகலின் இது வக்ஃபுச் சொத்து, முஸ்லிம்களிடமே ஒப்படைக்க வேண்டும் என்னும் கோரிக்கை நெடுங்காலம் ஒலித்தது. 1931இல் பைத்துல் முகத்தஸில் கூடிய உலக இஸ்லாமிய மாநாடும் இதை வலியுறுத்தியது. நம் நாட்டிலிருந்து மௌலானா ஷௌகத் அலீயும் அல்லாமா இக்பாலும் அம்மாநாட்டில் கலந்துகொண்டனர். 1960களில் தென்பகுதியைப் புதுப்பிக்கும் பணி தொடங்கியது. 1967ஆம் ஆண்டுப் போரோடு அதுவும் நின்றது. அதற்குள் மோட்டார் வண்டிகள் ஹிஜாஸின் ஒட்டக வணிகத்தை ஓசையின்றி முடித்துவைத்திருந்தன. எதற்கு அஞ்சிக் குலத்தார் இரயிலை எதிர்த்தனரோ அது வேறு வழியாக வந்துசேர்ந்தது.

இனி இன்றைய இரயிலுக்கு வருவோம். 'கிதார் அல்ஹரமைன்' எனப்படும் இப்பாதை மக்காவில் தொடங்கி, ஜித்தா நகரம், ஜித்தா விமான நிலையம், ராபிக் அருகே மன்னர் அப்துல்லாஹ் பொருளாதார நகரம் ஆகியவற்றைத் தொட்டு மதீனாவில் முடிகிறது. நீளம் ஏறத்தாழ 450 கிலோமீட்டர். 2011இல் ஸ்பெயின் நாட்டு நிறுவனங்களின் கூட்டமைப்பு ஒன்றுக்கு இருப்புப்பாதையும் வண்டிகளும் அமைக்கும் பணி அளிக்கப்பட்டது. வண்டிகள் டால்கோ நிறுவனத்தின் ஆக்கம். பதின்மூன்று பெட்டிகளும் 417 இருக்கைகளும் கொண்டவை. 2018 செப்டம்பர் 25இல் மன்னர் சல்மான் தொடங்கிவைத்தார். அக்டோபர் 11 முதல் மக்கள் ஏறினர். மறு ஆண்டு செப்டம்பரில் ஜித்தா நிலையம் பெருந்தீக்கு இரையாகிப் போக்குவரத்துச் சில மாதங்கள் தடைப்பட்டது. கொரோனாக் காலத்தில் 2020 மார்ச்சில் நின்று, ஓராண்டு கழித்து மீண்டும் ஓடத் தொடங்கியது. பாலைவனத்து மணலே அப்பொறியாளர்களுக்குப் பெரும் பகையாய் இருந்ததென்பர். அவ்வகையில் மெய்ஸ்னர் பாஷாவுக்கும் ஸ்பெயின்காரர்க்கும் இடையே வேற்றுமையில்லை.

அயல்நாட்டார் இதில் ஏறுவது கடினமன்று. கடவுச்சீட்டு எண்ணைத் தந்து இணையத்தின் வழியே இருக்கை பதிவு செய்யலாம். விமான நிலையம் போன்றே பெட்டிகளைச் சோதித்து உள்ளே விடுகின்றனர். மக்கா நிலையம் ருஸைஃபா பகுதியில் இருக்கிறது. ஹரம் ஷரீஃபிலிருந்து நடந்து செல்லும் தொலைவன்று. வாடகை வண்டியோ பேருந்தோ வேண்டும். நெரிசல் நாள்களில் அந்தச் சில கிலோமீட்டர் கடப்பதற்கு ஆகும் நேரமே ஒரு பயணமாகிவிடும். வண்டி கிளம்பிய பின்னர் வேகம் தெரிவதில்லை. கதவுக்கு மேலிருக்கும் திரையில் 300 என்னும் எண் தோன்றும்பொழுதுதான் தெரிகிறது. வெளியே கருமலைகளும் மணலும் ஒரே நிறமாய்ப் பின்னோக்கிச் செல்கின்றன.

எங்கள் குழுவில் முதிய பெண்மணி ஒருவர் இருந்தார். பத்ரு ஸஹாபாக்களின் மவ்லிது ஓதும் வீட்டில் பிறந்தவர்; முந்நூற்றுப் பதின்மூவரின் பெயர்களில் பலவற்றை நினைவாற்றலில் வைத்திருப்பவர். அவருடைய மாமியார் கப்பலில் ஹஜ்ஜுக்குச் சென்று, பத்ரில் இறங்கித் தொழுததைச் சொல்லக் கேட்டு வளர்ந்தவர். வண்டி ராபிக்கைக் கடந்ததும், "தம்பி, பத்ரு எப்ப வரும்?" என்றார். "பத்ரு இந்த வழியில வராது, பெரியம்மா" என்றேன். சற்று நேரம் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், "எந்தப் பக்கமா இருக்கு?" என்று கேட்டார். மேற்குத் திசையைக் காட்டினேன். அத்திசை நோக்கி ஃபாத்திஹா ஓதினார். ஓதி முடிப்பதற்குள் வண்டி பல கிலோமீட்டர் சென்றிருக்கும்.

விரைவு, மார்க்கச் சட்டத்தின் முன்னும் சில வினாக்களை வைக்கிறது. மதீனாவிலிருந்து உம்ராவுக்குப் புறப்படுவோரின் மீக்காத்து துல்ஹுலைஃபா. பேருந்தில் செல்வோர் அங்கு இறங்கிக் குளித்து இஹ்ராம் பூண்டு புறப்படுவர். இரயில் அங்கு நிற்பதில்லை. ஆகவே தங்கும் விடுதியிலேயே இஹ்ராம் ஆடை அணிந்துவந்து, மீக்காத்தின் எல்லையைக் கடக்கும் முன் நிய்யத்துச் செய்துகொள்ள வேண்டியுள்ளது. அயர்ந்து தூங்கினால் தவறிவிடும். இது புதிய சிக்கல் போலத் தோன்றினும் அடிப்படை பழையதே. பஸராவும் கூஃபாவும் உருவான காலத்தில் அப்பகுதியார் கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் வந்து, கர்னு தங்கள் வழியில் இல்லை என முறையிட்டனர். கர்னுக்கு நேரான இடத்தைத் தங்கள் வழியிலேயே காணுமாறு கூறி, தாத்து இர்க்கை அவர்கள் வரையறுத்தார்கள் என்பது புகாரியில் காணப்படும் செய்தி. யலம்லமுக்கு நேராகக் கப்பலில் இஹ்ராம் பூண்டதும், வானூர்தியில் பூண்பதும் இவ்வடிப்படையில்தான்.

கஸ்ருத் தொழுகை மற்றொன்று. ஹனஃபி மத்ஹபில் மூன்று நாள் நடைத் தொலைவும், ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு மர்ஹலாவும் அளவு. நம் ஊர்ப்பக்கம் ஹனஃபிகளும், கடற்கரைப் பக்கம் ஷாஃபிஈகளும் மிகுதி. இரண்டேகால் மணியில் முடிந்துவிடும், களைப்பும் இல்லாத பயணத்திற்குச் சலுகை எதற்கு என்று குழுவிலிருந்த இளைஞர் ஒருவர் கேட்டார். சட்டத்தின் காரணம் பயணமேயன்றிக் களைப்பன்று என்றும், தொலைவே கணக்கு, நேரமன்று என்றும் எங்களுடன் வந்த ஆலிம் விளக்கினார். 'மூன்று நாள் நடை' என்று நூலோர் காலத்தால் கூறியதைப் பிற்காலத்தார் மைலாக மாற்றி வைத்தது எத்துணைப் பயனுடைய செயல் என்பதை அந்த இருக்கையில்தான் உணர்ந்தேன்.

இந்த இரு நகரங்களுக்கிடையே நடந்த பயணங்களுள் தலையாயது கி.பி. 622இல் நிகழ்ந்த ஹிஜ்ரத். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரலி) அவர்களும் வழக்கமான பாதையைத் தவிர்த்துக் கடற்கரையோரமாகச் சென்றார்கள். வழிகாட்டியாகக் கூலிக்கு அமர்த்திக்கொள்ளப்பட்டவர் அப்துல்லாஹ் இப்னு உரைகித். அவர் அப்பொழுது முஸ்லிம் அல்லர். வழி அறிந்தவர், நம்பத் தக்கவர் என்பதே கருதப்பட்டது. ஜெர்மானியரிடம் வேலையைக் கொடுத்தது தகுமா, ஸ்பெயின்காரரிடம் கொடுத்தது தகுமா என்று வினவுவோர்க்கு இச்செய்தி நினைவிலிருத்தல் நன்று.

கொடையால் எழுந்த பாதை ஒன்று, அரசின் எண்ணெய் வருவாயால் எழுந்த பாதை மற்றொன்று. முன்னதற்கு நம் முன்னோர் காசு கொடுத்தனர். அதில் ஏறிச் செல்லும் வாய்ப்பு அவர்களுள் மிகச் சிலர்க்கே கிட்டியிருக்கும். ஏனெனில் இந்திய ஹாஜிகள் டமாஸ்கஸ் வழியாகச் செல்வதில்லை, கடல்வழியே செல்வர். அவர்களுக்கு உண்மையில் பயன்பட்டிருக்கக்கூடியது ஜித்தா, மக்கா, மதீனா வழிதான். கட்டப்படாது போன அந்தப் பகுதிதான். பின்னதற்கு நாம் ஒன்றும் கொடுக்கவில்லை, பயணச்சீட்டு வாங்கி ஏறுகிறோம். அச்சீட்டின் விலை பேருந்துக் கட்டணத்தினும் மிகுதி. ஆதலால் குழுவாக வரும் எளியோர் பலர் இன்றும் பேருந்திலேயே செல்கின்றனர். எங்கள் குழுவிலும் இருவர், காசு கருதிப் பேருந்தில் வந்து மாலையில் எங்களைச் சேர்ந்துகொண்டனர்.

மதீனாவில் இரண்டாம் நாள் அஸருக்குப் பின், அன்பரிய்யாப் பகுதியிலுள்ள பழைய ஹிஜாஸ் இரயில் நிலையத்திற்குச் சென்றேன். மஸ்ஜிதுந் நபவியிலிருந்து நடந்தே போகலாம். புதிய நிலையம் நகரின் கிழக்கே பல கிலோமீட்டர் தள்ளியிருக்க, பழையது பள்ளிவாசலுக்கு இத்துணை அருகில் இருப்பது வியப்பளித்தது. கருங்கல்லால் ஆன முகப்பும், எதிரே உதுமானியர் கட்டிய பள்ளிவாசலும் செம்மையாகப் பேணப்பட்டுள்ளன. நிலையம் இன்று அருங்காட்சியகம். பணிமனையில் பழைய எஞ்சின்கள் நிற்கின்றன. வளாகத்தில் சிறிது தொலைவுவரை தண்டவாளத்தைக் காத்து வைத்திருக்கிறார்கள்.

சென்னை வானூர்தி நிலையத்தில் இறங்கியபொழுது நள்ளிரவு. அங்கிருந்து தியாகதுருகம் ஏறத்தாழ 240 கிலோமீட்டர். மக்காவுக்கும் மதீனாவுக்கும் இடைப்பட்ட தொலைவில் பாதியளவே. பேருந்து உளுந்தூர்ப்பேட்டையில் திரும்பியபொழுது ஃபஜ்ருக்கு நேரமாகிவிட்டது. 1760இல் பிரெஞ்சுக்காரர் ஹைதர் அலீயின் படைக்கு விட்டுக்கொடுத்ததும், 1790இல் திப்பு சுல்தானால் கைப்பற்ற இயலாமற்போனதுமான அந்த மலைக்கோட்டை விடியலில் கருநிழலாய்த் தெரிந்தபொழுது, புறப்பட்டு ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. பெரியம்மா விழித்துக்கொண்டு, "ஊரு வந்திடுச்சா, தம்பி?" என்றார்.